முதுகில் கோடில்லாத அணில்

போர்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அணில் என்றாலே ராமர் தடவிய மூன்று கோடுதான். பாட்டிமார் சொன்ன கதை. ஆனால் 400 எம்எம் டெலிபோட்டோ லென்ஸில், 1/1000 வினாடியில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், நம்ம கொல்லை அணிலின் முதுகில் ஒரு கோடுகூட இல்லை. பழுப்பு முதுகு, விலாவில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை, செம்மண் நிற வயிறு. மலாயில் துப்பாய். மூன்று கோட்டு அணில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஓடுவது, பேரினமே வேறு.

கப்பலில் வந்தவர்கள் ஊர்ப் பெயரையும் கதையையும் இதற்கே கொடுத்துவிட்டார்கள். இருட்டிலேயே பெரட்டுக்குப் போனவர்களுக்குக் கோட்டை எண்ண ஏது நேரம்? பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பழத்தைக் கொறிப்பதால் அணில் செம்பனைக்கு எதிரியானது. கதையில் பாலத்துக்கு மண் சுமந்தது, தோட்டக் கணக்கில் நஷ்டம்.

பாட்டியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“ராமரு இங்க எங்க வந்தாரு? யாரு தடவிக் குடுப்பா?”

நாற்பது வருஷம் பால்மரம் சீவியவர். அணிலைப் பற்றி மட்டும்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. படத்தைக் கழுவித் தரச் சொன்னார். இப்போது சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.