முதுகுக்குப் பின்னால் ஒரு காமிரா

பெண் பார்க்கப் போன இடத்தில் உத்தியோகம் என்ன என்று கேட்டார்கள். "ஆபரேஷன் தியேட்டரில்" என்றேன். பெண்ணின் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டரா?"

"இல்லைங்க."

"மயக்க மருந்து குடுக்கறவரா?"

"இல்லைங்க. முதுகெலும்பு ஆபரேஷன் நடக்கறப்ப அங்கே ஒரு காமிரா இருக்கும். அதைப் பார்த்துக்கறவன்."

"ஓஹோ, வீடியோ எடுப்பீங்களா!" என்றார். கல்யாண வீடியோச் செலவு மிச்சம் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது. (அந்தச் சம்பந்தம் அமையவில்லை. காரணம் ஜாதகம்தான், காமிரா அல்ல.)

அந்த மாமாவுக்கு விளக்க அன்றைக்கு நேரமில்லை. கேசரி ஆறிக்கொண்டிருந்தது. உங்களுக்காவது சொல்கிறேன். தினம் எட்டு மணி நேரம் நாற்காலியிலும் இரண்டு மணி நேரம் பைக்கிலும் முதுகைப் படுத்துகிறவர்கள் நீங்கள்; கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக இப்போதே பயந்து முதுகைத் தடவிப் பார்க்க வேண்டாம். முதுகுவலிக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதே இல்லை.

தேவைப்படுகிற சிலருக்கு நடப்பது இதுதான். ஒவ்வொரு முதுகெலும்பிலும் பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் சேர்க்கிற இரண்டு சின்ன எலும்புப் பாலங்கள் உண்டு. பெடிக்கிள் என்பார்கள். எலும்பு உடைந்தாலோ, நழுவினாலோ, வளைந்தாலோ, இந்தப் பாலத்துக்குள் ஸ்க்ரூ முடுக்கி, ஸ்க்ரூக்களை ஒரு கம்பியால் இணைத்து நிறுத்துகிறார்கள். இடுப்புப் பக்கம் பாலம் தாராளம். 6.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ சௌகரியமாகப் போகும். நடு மார்புக்கு வந்தால் பல பேருக்கு நாலைந்து மில்லிமீட்டர்தான். உள்சுவருக்கு அந்தப் பக்கம் தண்டுவடம். அதை உரசினால் கால் போகலாம், சிறுநீர்க் கட்டுப்பாடு போகலாம். ஒரு தீக்குச்சியின் தடிமன் சுமார் இரண்டு மில்லிமீட்டர் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பழம் தின்று கொட்டை போட்ட டாக்டர்கள் இதைக் கை உணர்விலேயே செய்வார்கள். பார்த்திருக்கிறேன், கும்பிடத் தோன்றும். ஆனால் எல்லா முதுகும் படத்தில் உள்ள மாதிரி இருப்பதில்லை. வளைந்து திருகிய முதுகில் பாலம் எந்தத் திசையில் போகிறது என்று பின்னாலிருந்து பார்த்தால் பிரம்மாவுக்கே குழப்பம்தான். அங்கேதான் நேவிகேஷன் வருகிறது.

இதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. மண்டைக்கு வெளியே ஒரு சட்டம் மாட்டி, உள்ளே குறிப்பிட்ட இடத்துக்கு ஊசியை அளந்து அனுப்பலாம் என்று 1908-ல் லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் எழுதினார்கள். அவர்கள் செய்தது மனிதர்களிடம் அல்ல, மிருகங்களிடம். பிறகு ஸி.டி. ஸ்கேன். 1971-ல் லண்டன் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷின். அவர் வேலை பார்த்த கம்பெனி ஈ.எம்.ஐ. ஆமாம், நாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற எச்.எம்.வி. இசைத்தட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த அதே கம்பெனி. அந்த ஸ்கேன் படத்தையும் டாக்டரின் கைக்கருவியையும் ஒரே திரையில் சேர்த்து முதுகெலும்பில் ஸ்க்ரூ போடும் வித்தை, 1990-களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் நடைமுறைக்கு வந்தது.

இனி காமிரா. கட்டிலின் கால்மாட்டிலோ தலைமாட்டிலோ நிற்கும். அதற்கு இரண்டு கண். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். டாக்டர் பிடிக்கும் கருவியின் பின்புறத்தில் மூன்று அல்லது நாலு குட்டிப் பந்துகள் செருகியிருக்கும். ராத்திரி பைக் வெளிச்சம் பட்டதும் டிராஃபிக் போலீஸின் ஜாக்கெட் பட்டை பளிச்சிடுமே, அதே மாதிரிப் பூச்சு. வெளிச்சம் வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். பந்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு கருவிக்கும் வேறு வேறு. அதை வைத்துத்தான் "இது ஊசி, இது திருப்புளி" என்று கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. நோயாளியின் எலும்பிலேயே கவ்வியாகப் பிடித்த இன்னொரு பந்துச் சட்டம் உண்டு. அதுதான் ரெஃபரன்ஸ் ஃப்ரேம். 'முதுகு எங்கே இருக்கிறது' என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ள இருக்கிற ஒரே ஆதாரம் அது.

இதில் ஒரு விஷயத்தைப் புதிதாக வருகிற டாக்டர்களுக்குக்கூட நான் இரண்டு தடவை சொல்வேன். காமிரா கருவியின் முனையைப் பார்ப்பதே இல்லை. முனை சதைக்குள் இருக்கிறது. அது பார்ப்பது பந்துகளை மட்டும். 'பந்து இங்கே இருக்கிறது, ஆகவே முனை அங்கே இருக்க வேண்டும்' என்பது கணக்கு. கருவி லேசாக வளைந்திருந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. திரையில் அம்பு மாதிரி நேராகவே வரைந்து காட்டும். கத்திப்பாரா மேம்பாலத்தின் மேல் போகிறபோது போன் மேப் நம்மைக் கீழே உள்ள ரோட்டில் போட்டுவிட்டு "இடது பக்கம் திரும்புங்கள்" என்று இனிமையாகச் சொல்வதில்லையா? அங்கே நாம் சிரித்துவிட்டு நேரே போகிறோம். தியேட்டரில் திரையைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தைரியம் வராது. அவ்வளவு அழகான கலர்.

ஆகவே என் தொழிலின் முக்கால் பங்கு கம்ப்யூட்டரில் இல்லை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஆவியும் சோப்பு நாற்றமுமாக இருக்கிற ஸ்டெரிலைசேஷன் ரூமில் இருக்கிறது. அங்கே இருந்த திருநெல்வேலிக்கார அண்ணாச்சிதான் எனக்கு வாத்தியார். கம்பெனி எனக்கு ஏ.ஸி. ரூமில் ஒரு வாரம் பாடம் நடத்தியது. அண்ணாச்சி ஒரு டீ நேரத்தில் அதற்கு மேல் சொல்லிக்கொடுத்தார்.

தினமும் ஒவ்வொரு நேவிகேஷன் கம்பியையும் சமதளமான கண்ணாடிப் பலகையில் வைத்து விரலால் உருட்டுவார். குனிந்து, கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள கோட்டைப் பார்ப்பார்.

"தம்பி, இங்கன வாங்க. இது ஆடுது பாத்தியளா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சொம்மா பாக்காதிய. வெளிச்சத்தப் பாருங்க. வருது, போவுது, வருது, போவுதுல்லா?"

தெரிந்தது. அந்தக் கம்பியை மேலே கொண்டுபோய் ஃப்ரேமில் அதற்கென்று உள்ள குழியில் முனையை வைத்துச் சோதித்தேன். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தப்புக் காட்டியது. யாரோ கீழே போட்டிருக்கிறார்கள், அல்லது எலும்பை நெம்பக் கடப்பாரையாக உபயோகித்திருக்கிறார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. கீழே விழுந்தது குற்றமே இல்லை. கை வழுக்கும், ரத்தம் வழுக்கும். விழுந்ததைத் துடைத்துப் பேசாமல் பெட்டியில் வைத்தார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அண்ணாச்சியின் மற்ற சட்டங்களும் இதே ரகம்தான். ரத்தம் காய விடக்கூடாது. ஆபரேஷன் நடக்கும்போதே ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஸலைனில் ஊறப்போடக்கூடாது, உப்பு ஸ்டீலை அரிக்கும். நடுவே துளையுள்ள கருவி என்றால் அதற்கேற்ற பிரஷ்ஷை உள்ளே விட்டு, அந்தப் பக்கம் வருகிற வரை தேய்க்க வேண்டும். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக் கழுவ வேண்டும். 134 டிகிரி நீராவி கிருமியைக் கொல்லும்தான். ஆனால் காய்ந்த ரத்தத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதிடம் நீராவி போய்ச் சேர்வது நிச்சயமில்லை. "அழுக்க வேவ வச்சா அது சுத்தமாயிருமா? வெந்த அழுக்கு, அம்புட்டுதான்" என்பார். பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் உரிய பள்ளத்தில்தான் வைக்க வேண்டும். மெல்லிய ஊசியின் மேல் சுத்தியலைப் போட்டு மூடியை அழுத்துகிற பேர்வழிகளை அவர் திட்டுகிற வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

பந்துகள் இன்னொரு தலைவலி. ஒரே ஒரு ஆபரேஷனுக்கு என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். வாங்கும் இலாகாவில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் ஸார், பிளாஸ்டிக் பந்துதானே? கழுவிட்டு இன்னொரு தடவை போட்டா என்ன?" நியாயமான கேள்விதான், அவர் பில் பார்ப்பவர். நம் கண்ணுக்குப் பந்து வெள்ளையாகத்தான் இருக்கும். பூச்சு தேய்ந்திருப்பது காமிராவுக்குத்தான் தெரியும். பந்தின் ஒரு ஓரத்தில் ரத்தம் தெறித்தாலே போதும்; மீதி வெளிச்சத்தை வைத்துப் பந்தின் நடுப்புள்ளி எங்கே என்று காமிரா கணக்குப் போடுகையில், புள்ளி கொஞ்சம் நகர்ந்துவிடும். பந்து கொஞ்சம் நகர்ந்தால் நீளமான கருவியின் முனையில் அது இன்னும் அதிகமாகும். பட்டம் விடுகிறவன் மணிக்கட்டை லேசாக அசைத்தால் மேலே என்ன ஆகிறது? பந்தைச் சரியாக அமுக்கிச் செருகாவிட்டாலும் இதே கதைதான். 'க்ளிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கழற்றிவிட்டுத் திரும்பச் செருக வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "அப்ப டிஸ்கவுண்ட் குடுங்க" என்றார்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆபத்து வரும் இடம் ஒன்று உண்டு.

பதினாலு வயசுப் பெண். முதுகு 'எஸ்' எழுத்து மாதிரி வளைந்திருந்தது. அப்பா லாரி டிரைவர். தியேட்டர் வாசலில் என் பச்சை உடுப்பைப் பார்த்து டாக்டர் என்று நினைத்து எழுந்து நின்றார். "நான் டாக்டர் இல்லைங்கய்யா" என்றேன். அப்படியும் அவர் உட்காரவில்லை.

உள்ளே ஃப்ரேம் மாட்டி, எல்லோரும் ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய், மயக்க டாக்டர் மூச்சைச் சில விநாடி நிறுத்திப் பிடிக்க, வளைய மெஷின் சுற்றி வந்து படம் எடுத்தது. டாக்டர் ஊசி முனையால் தெரிந்த எலும்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திரையிலும் அதே இடம். ஆறு ஸ்க்ரூ அழகாக இறங்கின. ஏழாவதுக்குக் கை நீட்டினார். கருவி வரவில்லை.

"ஸிஸ்டர்?"

"டாக்டர், ஒரு நிமிஷம். ஸக்ஷன் ட்யூபை நகர்த்தறப்ப என் முழங்கை ஃப்ரேம்ல பட்டுடுச்சு."

"பலமாவா?"

"தெரியல டாக்டர். ஆனா பட்டுது."

யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, காமிராவும் முகம் சுளிக்கவில்லை. ஃப்ரேம் நகர்ந்தால் அதற்கு, முதுகே நகர்ந்த மாதிரிதான். திரையில் எல்லாம் பச்சை. நம் ஊர்த் தியேட்டர்களில் பெரிய டாக்டர் கை நீட்டியபின் "ஒரு நிமிஷம்" என்று சொல்வது லேசான காரியமில்லை. அந்தப் பெண்ணுக்கு ஸர்வீஸ் இரண்டு வருஷம். மானிட்டரின் பீப் மட்டும் கேட்டது.

டாக்டர் ஒன்றும் சொல்லாமல் ஊசியை எடுத்துப் பழைய இடத்திலேயே, கண்ணுக்கு நேரே தெரிகிற எலும்பின் நுனியைத் தொட்டார். திரையில் முனை எலும்பில் இல்லை. மூணு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி, அந்தரத்தில் நின்றது.

குழிச் சோதனை இதைக் காட்டாது என்பதைக் கவனிக்க வேண்டும். அது கருவி நேராக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ஃப்ரேமே நகர்ந்துவிட்டால் எலும்பைத் தொட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அதனால்தான் நல்ல டாக்டர்கள் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னால் தொட்டுப் பார்க்கிறார்கள். அவசரக்காரர்கள் ஆரம்பத்தில் ஒரு தடவை தொட்டதோடு சரி.

"ஸ்கேன்" என்றார் டாக்டர்.

ஃப்ரேமை மறுபடி இறுக்கி, புண்ணை மூடி, மெஷினைத் திரும்பக் கொண்டுவந்து, எல்லாம் முதலிலிருந்து. இருபத்தைந்து நிமிஷம். முதல் ஆறும் சரியான இடத்தில் இருந்ததைப் புதுப் படம் காட்டியது. நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"லேட்டாகுதே தம்பி. ஏதாச்சும் பிரச்னையா?"

நோயாளியின் வீட்டாரிடம் நான் எதுவும் சொல்லக்கூடாது, அது விதி. "டாக்டர் வந்து சொல்வாருங்கய்யா. உக்காருங்க" என்றேன்.

சாயங்காலம் "காலை ஆட்டும்மா" என்றதும் அந்தப் பெண் பத்து விரலையும் ஆட்டினாள். டிரஸ்ஸிங் ரூமில் டாக்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னிடம், "அந்த ஸிஸ்டர் பேர் என்னப்பா?" என்று கேட்டார். இரண்டு வருஷமாக அவருக்கு எதிரே நின்று கருவி எடுத்துக் கொடுத்தவள்.

அண்ணாச்சி இப்போது ரிடையராகி ஊரோடு போய்விட்டார். அவர் இடத்தில் இரண்டு பையன்கள். கருவியோடு வரும் கையேடு இங்கிலீஷில் இருக்கிறது; பையன்கள் படித்தது தமிழ் மீடியம். அதனால் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்ட, அண்ணாச்சியிடம் போனில் கேட்டுக் கேட்டு ஒரு தமிழ் அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டு வரி முடிந்துவிட்டது. ஒன்பதாவதில், முனையை வைத்துச் சோதிக்கிற அந்தக் குழிக்கு என்ன பெயர் போடுவது என்று தகராறு. நான் 'சோதனைக் குழி' என்று எழுதினேன். பையன்கள் 'பல்லாங்குழி' என்கிறார்கள். அண்ணாச்சியைக் கேட்டால், "பேரு என்னவும் இருக்கட்டும், அத துடைச்சாங்களாடே?" என்கிறார். குழியில் காய்ந்த ரத்தம் இருந்தால் முனை சரியாக உட்காராது. அதைப் பத்தாவது வரியாகச் சேர்த்திருக்கிறேன்.