நடுவில் நின்ற நண்பர்

அமெரிக்காவில் பல வட்டாரங்களில் ஹாம் ரேடியோ சங்கங்களுக்கென்று ஒரு கவுன்சில் இருக்கிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு. வேலை பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். ஒரு சங்கம் மலையுச்சியில் ரிப்பீட்டர் (கேட்ட சிக்னலை மறுபடி அனுப்பும் கருவி) வைக்க நினைத்தால், பக்கத்துச் சங்கத்தோடு மோதாத அலைவரிசை எது என்று பார்த்துச் சொல்வது இவர்கள்தான். உரிமம் கொடுக்கும் அதிகாரம் இவர்களிடம் இல்லை. அப்படியிருந்தும் சங்கங்கள் இவர்கள் பேச்சைக் கேட்கின்றன. இந்தப் பழக்கத்துக்கு வேர் எங்கே என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கிடைத்தது ஒரு சட்டம். டைட்டானிக் மூழ்கிய 1912-இல் வந்த ரேடியோ சட்டம், அமெச்சூர்களை, அதாவது ஹாம்களை, 200 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட அலைகளுக்குள் அடைத்தது. தூரம் போகாது, எதற்கும் உதவாது என்று அன்று ஒதுக்கப்பட்ட அலைகள் அவை. சக்திக்கும் ஒரு கிலோவாட் என்று வரம்பு. இந்த நெருக்கடிதான் அவர்களை ஒன்றுசேர்த்திருக்கும் என்று தோன்றியது. ஆனால் கிளின்டன் டிசோட்டோ 1936-இல் எழுதிய அமெச்சூர் ரேடியோ வரலாறு காட்டும் காரணம் இதைவிடச் சின்னது: ஒரு ரேடியோ வால்வு.

கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்ஃபோர்டு. 1914. ஹைரம் பெர்சி மாக்சிம், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன். அப்பா வெடிக்கவைத்ததை மகன் அடக்கினார். துப்பாக்கிக்கு சைலன்சர் செய்தவர் இவர். அவருக்கு ஆடியான் வால்வு ஒன்று வேண்டியிருந்தது. அது விஷயமாக மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஓர் அமெச்சூரை ரேடியோவில் கூப்பிட்டார். தூரம் சுமார் 30 மைல்தான், எட்டவில்லை. இடைவழியில், வின்ட்சர் லாக்ஸில் ஒரு நண்பர் இருந்தார். மாக்சிம் மோர்ஸில் தட்டியதை அவர் கேட்டு எழுதிக்கொண்டு, தன் கருவியிலிருந்து மறுபடி தட்டினார். செய்தி போய்ச் சேர்ந்தது.

அந்த ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டு ரேடியோ சங்கத்தில் மாக்சிம் ஒரு யோசனை வைத்தார்: இப்படி நடுவில் நிற்பவர்களை நாடு முழுக்கக் கோத்தால் என்ன? இளைஞர் கிளாரன்ஸ் டஸ்காவும் சேர்ந்துகொள்ள, அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் பிறந்தது. செப்டம்பருக்குள் 237 ரிலே நிலையங்கள்.

அடுத்து நடந்தது சண்டை. லீக் வளர வளர, பெற்ற சங்கத்தோடு உரசல் வந்தது. 1915-இல் மாக்சிமும் டஸ்காவும் லீக்கைப் பிரித்தெடுத்து, கனெக்டிகட் சட்டப்படி தனி அமைப்பாகப் பதிவு செய்தார்கள். நான் தேடியது இந்த இடத்தில்தான் இருந்தது. எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டுமானால், எந்தச் சங்கத்தின் கையிலும் இருக்கக் கூடாது.

இன்றைய அமெரிக்க விதியும் அதையே பேசுகிறது. ஒருங்கிணைப்பாளரை (இந்தக் கவுன்சில்களுக்கு விதி தரும் பெயர்) ஏற்க வேண்டியவர்கள் அந்த வட்டாரத்து அமெச்சூர்கள். இரண்டு ரிப்பீட்டர்கள் மோதினால், ஒருங்கிணைப்பாளரின் பரிந்துரை பெறாதவர்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அரசு நியமிக்காத கவுன்சிலின் சொல்லுக்குக் கனம் வந்தது இப்படித்தான்.