தென்காசி விழுந்த நாள்

நுழையும்முன்
விளையாட்டில் வெல்ல வழிகள் பல உண்டு. அவற்றுள் சில நம்மை வளர்ப்பவை. சில நம் ஆட்டத்தையே அழிப்பவை. இரண்டையும் ஒரே கோடையில் கற்றுக்கொண்ட ஒருவரின் நினைவுகள் இவை.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது நாங்கள் ஜாம்ஷெட்பூரில் வாழ்ந்தோம். அப்பா அங்குள்ள எஃகு ஆலையில் பணியாற்றினார். வீட்டில் ஒரே ஒரு கணினிதான் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் படித்த அக்காவுக்கும் எனக்கும் அது பொதுவானது. 2008ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அந்தக் கணினிக்கு ஒரு விளையாட்டு வந்து சேர்ந்தது. 'சிவிலைசேஷன்' என்பது அதன் பெயர். 'நாகரிகம்' என்பது பொருள்.

சிட் மேயர் என்பவர் புரூஸ் ஷெல்லியுடன் இணைந்து உருவாக்க, 1991ஆம் ஆண்டு முதன்முதலில் வெளிவந்த விளையாட்டு அது. நாங்கள் ஆடியது 2005ஆம் ஆண்டு வெளியான நான்காம் பதிப்பு. இதில் விரல் வேகத்துக்கு வேலை இல்லை. சதுரங்கத்தைப் போல முறை வைத்து ஆட வேண்டும். நம் முறை வரும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிந்திக்கலாம். கி.மு. 4000இல் ஒரு குடியேறிக் கூட்டத்துடன் ஆட்டம் தொடங்கும். ஊர் அமைத்து, நிலம் திருத்தி, எழுத்து, கணிதம், இரும்பு என ஒவ்வொன்றாகக் கற்று, கி.பி. 2050 வரை ஒரு நாட்டை நடத்திச் செல்ல வேண்டும்.

அக்காவுக்கு மாலையில்தான் ஓய்வு. எனவே, இருவரும் ஒரே நாட்டை ஆள்வது என்று முடிவு செய்தோம். காலையில் ஒரு மணிநேரம் நான் ஆடுவேன். மாலையில் ஒரு மணிநேரம் அக்கா ஆடுவார். அம்மா ஒரு நிபந்தனையுடன் இதற்கு இசைந்தார். "ஆடி முடித்ததும் என்ன செய்தீர்கள் என்பதை அடுத்தவருக்கு எழுதி வைக்க வேண்டும். தமிழில் எழுத வேண்டும்."

எனக்கு அது மலையைப் புரட்டுவதுபோல் இருந்தது. வீட்டில் தமிழ் பேசுவேனே தவிர, ஒரு பத்தியைப் பிழையின்றி எழுதியதில்லை. அப்பா தம் பழைய கணக்குப் பேரேடு ஒன்றைக் கொடுத்தார். முதல் நாள் நான் 'தானிய ரூம் கட்டினேன்' என்று எழுதினேன். அம்மா சிரித்துக்கொண்டே அதைக் 'களஞ்சியம்' என்று திருத்தினார். "உன் பாட்டி வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிரைப் பார்த்திருக்கிறாயே, அதன் பெரிய வடிவம்தான் களஞ்சியம்" என்றார். ஒரு வாரத்தில் கருவூலம், எல்லைக்காவல், முற்றுகை ஆகிய சொற்கள் எங்களுடையவை ஆயின.

முதல் உத்தியைச் சொன்னவர், அந்த விளையாட்டை ஒருநாளும் ஆடாத அப்பா. நான் கண்ட இடத்தில் தலைநகரை அமைக்கப் போனபோது, "இந்த ஜாம்ஷெட்பூர் ஏன் இங்கே இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டார். பிறகு அவரே விளக்கினார். நூறு ஆண்டுகளுக்கு முன் இது சாக்சி என்னும் சிற்றூர். அருகில் சுவர்ணரேகா, கர்காய் என இரண்டு ஆறுகள் கூடுகின்றன. ஆலைக்கு வேண்டிய நீர் அங்கிருந்து கிடைக்கும். மயூர்பஞ்சிலுள்ள குருமகிசானி மலையில் இரும்புத்தாது இருந்தது. ஜரியாவில் நிலக்கரி இருந்தது. அண்மையிலேயே காளிமாட்டி தொடர்வண்டி நிலையமும் இருந்தது. அதனால்தான் ஆலை இங்கு எழுந்தது. 1912இல் இங்கு முதல் எஃகு உருவானது. "ஊர் அமைக்குமுன் நீரைப் பார், உணவைப் பார், தாதுவைப் பார், வழியைப் பார்" என்றார் அப்பா.

விளையாட்டிலும் அது அப்படியே பொருந்தியது. ஆற்றங்கரையில் அமைந்த ஊரில் மக்கள் நலம் கூடும். குன்றின்மேல் அமைந்த ஊரைப் பகைவர் எளிதில் வெல்ல முடியாது. இரும்பு மட்டும் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாது. இரும்பை உருக்கும் கலையைக் கற்ற பின்னரே அது நிலப்படத்தில் தோன்றும். எனவே, பலவகை நிலங்களைச் சுற்றிலும் கொண்ட இடத்தைத் தேர்வதே நன்று.

இரண்டாம் உத்தியை அக்கா கண்டறிந்தார். போர்வீரரைப் பெருக்குமுன் பணியாளரை உருவாக்க வேண்டும் என்பது அது. வயல் அமைப்பதும் சுரங்கம் தோண்டுவதும் சாலை இடுவதும் அவர்களே. நாங்கள் அசோகரைத் தலைவராகக் கொண்ட இந்தியாவைத் தேர்ந்திருந்தோம். அப்பதிப்பில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சிறப்புப் பிரிவு உண்டு. பிற நாடுகளுக்கு அது பெரும்பாலும் ஒரு படையாக இருக்கும். இந்தியாவுக்கோ, மற்றவர்களைவிட விரைந்து செல்லும் பணியாளர் என்பது சிறப்பு.

மூன்றாவது, குடில்களின் உத்தி. ஊரருகே ஒரு குடிலை அமைத்து, அங்கு மக்களை உழைக்கச் செய்தால், பத்து முறைகளில் அது சிற்றூர் ஆகும். மேலும் இருபது முறைகளில் ஊர் ஆகும். அதன்பின் நாற்பது முறைகளில் பேரூர் ஆகும். படிதோறும் வருவாய் பெருகும். ஆள் உழைக்காத முறை கணக்கில் சேராது. குடிலை இன்று அமைப்பவருக்கு எழுபது முறை கழித்தே முழுப்பயன் கிடைக்கும். பொறுமை இல்லாத எனக்கு இந்த உத்தி பிடிக்கவே இல்லை.

நான்காவது, அகலக் கால் வைக்காமை. ஊர்களின் எண்ணிக்கை கூடக் கூட, அவற்றைப் பேணும் செலவும் ஏறும். தலைநகரிலிருந்து தொலைவு கூடினாலும் செலவு ஏறும். கருவூலம் வற்றிவிட்டால் படைகள் கலைந்துபோகும். ஆகவே, ஓர் ஊர் தன் செலவைத் தானே தாங்கத் தொடங்கிய பின்னரே அடுத்த ஊரை நினைக்க வேண்டும்.

ஊர்களுக்கு நாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். அக்கா ஓர் ஆற்றங்கரையில் அமைத்த மூன்றாவது ஊருக்குத் 'தென்காசி' என்று பெயரிட்டார். அது அம்மா பிறந்த ஊர். அதைச் சுற்றி நான்கு குடில்களை அமைத்து, அவை சிற்றூர்கள் ஆகும்வரை காத்திருந்தார். "தென்காசிக் காவலரை நகர்த்தாதே" என்று பேரேட்டில் இருமுறை எழுதியிருந்தார்.

மறுநாள் காலை, தென்காசிக்கு வெளியே கொள்ளையர் படை ஒன்று நின்றது. என் வீரரைக் கொண்டு அதைத் தாக்கினால் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 72 என்று திரை காட்டியது. 72 மதிப்பெண் எனக்குப் பெரிது. காவலரை வெளியே அனுப்பித் தாக்கினேன். தோற்றேன். காவலற்ற ஊருக்குள் கொள்ளையர் நுழைந்தனர். தென்காசியின்மேல் அவர்களின் கொடி பறந்தது.

என் நெஞ்சு படபடத்தது. முன்பு சேமித்த நிலைக்குத் திரும்பி, மீண்டும் தாக்கினேன். மீண்டும் தோற்றேன். ஆறு முறை முயன்றும் அதே விளைவுதான். தாயக்கட்டையில் விழப்போகும் எண்ணையும் சேமிப்போடு சேர்த்தே அந்த விளையாட்டு பாதுகாக்கிறது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். ஆட்டத்தை அமைத்தவர்கள் என்னைப் போன்றவர்களை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

ஆனால், வேறொரு கதவு திறந்திருந்தது. நிலப்படங்களை உருவாக்குவதற்கென்று ஒரு கருவி விளையாட்டினுள்ளேயே உண்டு. ஆட்டத்தின் நடுவிலும் அதைத் திறந்து, படையையும் பொன்னையும் வேண்டிய அளவு சேர்க்கலாம். நான் கொள்ளையரை நீக்கினேன். தென்காசியைத் திருப்பி வைத்தேன். அதில் நான்கு வாள்வீரரை நிறுத்தினேன். கை நின்றபாடில்லை; கருவூலத்தில் 5000 பொன்னையும் சேர்த்தேன். பிறகு பேரேட்டில், 'இன்று அமைதியாகக் கழிந்தது. களஞ்சியங்கள் நிறைந்துள்ளன. எல்லையில் பகைவர் எவரும் இல்லை' என்று எழுதினேன்.

பகலில் அம்மா அதைப் படித்தார். "ஒரு பிழைகூட இல்லையே!" என்று மகிழ்ந்து என் தலையை வருடினார். என் தமிழுக்கு நான் பெற்ற முதல் பாராட்டு அது. அந்தக் கை தலையில் இருந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாலையில் அக்கா அமர்ந்தார். முந்தைய நாள் அவர் எழுதிய குறிப்பில் கருவூலத்தில் 82 பொன் இருந்தது. அவர் திரையைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"இவ்வளவு பொன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, தம்பி? எதைச் செய்தாலும் இனி வென்றுவிடுவோம். பிறகு எதற்காகச் சிந்திப்பது?" என்று கேட்டுவிட்டுக் கணினியை அணைத்தார். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் ஆடவில்லை. நானும் ஆடவில்லை. எங்கள் நாட்டில் எல்லாம் இருந்தது. ஆள்வதற்குத்தான் ஆள் இல்லை.

நான்காம் நாள் காலை, பேரேட்டில் நடந்ததை எல்லாம் எழுதினேன். காவலரை நகர்த்தியது, ஆறு முறை திரும்பிச் சென்றது, பொன் சேர்த்தது, பொய் எழுதியது எனப் பக்கம் நிறைந்தது. பிழைகளும் நிறைந்திருந்தன. அம்மா அதையும் படித்தார். இம்முறை அவர் ஒன்றையும் திருத்தவில்லை.

மாலையில் அக்கா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னை அருகில் அமர்த்திக்கொண்டார். விளையாட்டு தானாகவே சேமித்து வைத்த நிலைகள் சில இருந்தன. தென்காசி விழுவதற்கு முந்தைய நிலையைத் திறப்பார் என்று எண்ணினேன். அவரோ விழுந்த பிறகு உள்ள நிலையைத் திறந்தார்.

"இழந்தது இழந்ததாகவே இருக்கட்டும். இங்கிருந்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்" என்றார். பிறகு என் தவற்றையும் விளக்கினார். "72 நல்ல எண்தான். நூறு முறை தாக்கினால் ஏறக்குறைய 28 முறை தோற்பாய். அந்த 28இல் ஒன்று வந்தால் எதை இழப்போம் என்பதையும் பார்க்க வேண்டும். நீ பணயம் வைத்தது ஒரு வீரரை அன்று, ஓர் ஊரை."

இரண்டு கோடரி வீரரையும் ஓர் ஈட்டி வீரரையும் திரட்டிப் பதினொரு முறைகளுக்குப் பின் தென்காசியை மீட்டோம். சிற்றூர்களுள் இரண்டு சூறையாடப்பட்டுக் குடில்களாகச் சுருங்கியிருந்தன. அவற்றை மறுபடியும் வளர்த்தோம். அதன்பின் அக்காவும் நானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஆட்டம் கடினமாகத் தோன்றினால், அதிலுள்ள ஒன்பது படிநிலைகளுள் எளிய ஒன்றை இருவரும் அறியத் தேர்ந்துகொள்ளலாம். மறைவாக ஒன்றும் செய்யக்கூடாது.

அந்த ஆட்டத்தில் நாங்கள் வெல்லவில்லை. கி.பி. 2050இல் புள்ளிக்கணக்கில் இரண்டாம் இடமே கிடைத்தது. தென்காசியைச் சுற்றி அப்போது நான்கு பேரூர்கள் இருந்தன. அம்மாவை அழைத்துத் திரையில் அவற்றைக் காட்டினோம். "என் தென்காசியைவிடப் பெரியதாக இருக்கிறதே!" என்றார்.

அடுத்த ஆண்டு அக்கா கல்லூரிக்காக வேறு நகரம் சென்றார். அந்தப் பேரேடு இன்று என்னிடம் உள்ளது. அதில் இரண்டு பக்கங்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று பிழையற்றது, மற்றொன்று பிழை மலிந்தது. அக்காவுக்குக் கடிதம் எழுத அமரும்போதெல்லாம் இரண்டாம் பக்கத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

சொல்லும் பொருளும்
களஞ்சியம் – தானியம் சேர்த்து வைக்கும் இடம்
குதிர் – நெல் கொட்டி வைக்கும் பெரிய கலம்
கருவூலம் – அரசின் பொருளைச் சேர்த்து வைக்கும் இடம்
பேரேடு – வரவு செலவு எழுதும் பெரிய கணக்குப் புத்தகம்
பணயம் – பந்தயத்தில் வைக்கும் பொருள்

சிந்தித்து எழுதுக
1. ஊர் அமைக்க ஏற்ற இடம் குறித்து அப்பா கூறிய கருத்துகளை எழுதுக. நீங்கள் வாழும் ஊர் அந்த இடத்தில் அமைந்ததற்கான காரணங்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்க.
2. தென்காசி விழுவதற்கு முந்தைய நிலையை அக்கா திறக்காதது ஏன்? உங்கள் கருத்தை எழுதுக.
3. நீங்கள் விரும்பி ஆடும் ஒரு விளையாட்டின் உத்திகளைத் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குவதுபோல் ஒரு பக்க அளவில் தமிழில் எழுதுக.