மூவாயிரத்துக்கு ஒரு கண்!

"மச்சான், அவசரமா ஒரு ஸ்கோப்பு வேணும். மூவாயிரத்துக்குள்ள முடிச்சுக் குடு. காசு அப்புறம் தர்றேன்!"

அன்னவாசல் பக்கத்திலிருந்து மாமா பையன் போன் பண்ணியபோது நான் திருச்சி ஆபீஸில், டேலி ஆகாத கணக்கு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கோப் என்றதும் எனக்கு டாக்டர் கழுத்தில் தொங்குகிற சமாசாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"ஏன்டா... மாமாவுக்கு நெஞ்சு வலியா?" என்றேன் பதறிப்போய்.

"அட, அது இல்ல மச்சான்! துப்பாக்கி மேல மாட்டுவாங்கள்ல, சினிமாவுல வில்லன் மொட்டை மாடியில படுத்துக்கிட்டு ஒத்தைக் கண்ணால பார்ப்பானே... அது!"

விஷயம் இதுதான். பையன் ஒரு ஏர் ரைஃபிள் வாங்கிவிட்டான். .177 அளவு, 20 ஜூலுக்குள் சக்தி இருந்தால் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆடிப் பட்டத்துக் கடலையில் மயில் இறங்கி, விதையைக் கிளறித் தின்கிறது. அதைச் 'சும்மா பயமுறுத்தத்தான்' துப்பாக்கியாம். பயமுறுத்துவதற்கு எதற்குக் குறி பார்க்கும் கண்ணாடி என்று நான் கேட்கவில்லை. மாமா வீட்டில் சனிக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டானே!

எங்கள் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டியாக இருப்பவர் முன்னாள் ராணுவ ஹவில்தார். மத்தியான சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போய் நின்றேன். மனுஷர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெட்டி மேல 3-9×40னு போட்டிருப்பான் சார். மூணு மடங்குலேருந்து ஒம்பது மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டும். 40ங்கிறது முன்பக்கக் கண்ணாடியோட அகலம், மில்லிமீட்டர்ல. எல்லாரும் அந்த ஒம்பதைப் பார்த்துத்தான் ஏமாறுறான். பெருசாக் காட்டக் காட்ட வெளிச்சம் கொறையும், பார்க்கிற இடம் சுருங்கும், உங்க கை நடுக்கமும் ஒம்பது மடங்கு ஆகும்!"

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாதாம். பெரிய துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, உள்ளே பிஸ்டன் போய் முட்டியதும் முன்னாலும் ஒரு குலுக்குக் குலுக்கும். இந்த ரெட்டை உதையில், பெரிய துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப்கூட உள்ளே கழன்று 'கிலுகிலுப்பை' ஆகிவிடுமாம். அதனால் 'ஏர் ரைஃபிளுக்கு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். தவிர, பெரிய துப்பாக்கி ஸ்கோப்பை நூறு கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவார்கள். நம் ஆள் சுடப்போவதோ இருபது, முப்பது கஜத்தில். அந்தத் தூரத்தில் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே ப்ளஸ் குறி இலக்கின் மேல் மிதக்கும். முன்பக்க வளையத்தைத் திருகித் தூரத்துக்கேற்ப மாற்றிக்கொள்கிற வசதி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

"காசு பத்தலைன்னா மடங்கைக் கொறைங்க. மவுண்ட்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. துப்பாக்கி முதுகுல 11 மில்லிமீட்டர் பள்ளம் இருக்கும். அதைக் கடிச்சுப் பிடிக்கிற இரும்புத் துண்டுதான் சார் எல்லாம். அது நகந்துச்சுன்னா பத்தாயிரம் ரூபாய்க் கண்ணாடியும் வேஸ்ட்டு!"

பிறகு தயிர் சாதத்தைத் திறந்துகொண்டே ஒரு கேள்வி கேட்டார். "ஆமா, எதைச் சுடப் போறாரு உங்காளு?"

நான் 'ஹி... ஹி...' என்று சிரித்துவிட்டு நழுவினேன்.

கடைவீதியில் இரண்டு மணி நேரம் பேரம் பேசி, 2,850 ரூபாய்க்கு ஒன்று அமைந்தது. 3-9×40, முன்வளையம் திருகுகிற ரகம். மவுண்ட் இலவசம். இலவசம் என்றதும் ஹவில்தார் முகம் கண்முன் வந்தது. கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மாத்தூர், கீரனூர் தாண்டினால் நிலம் மாறிவிடும். பச்சை குறைந்து, செம்மண்ணும் பாறையுமாக, எங்கே பார்த்தாலும் கருவேலம். தூரத்தில் யானைகள் படுத்திருக்கிற மாதிரி நார்த்தாமலைக் குன்றுகள். மேலமலை உச்சியில் பாறை மேல் உட்கார்ந்திருக்கிற விஜயாலய சோழீஸ்வரத்தை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். வட்டமான கருவறை, சுற்றிலும் குட்டிக் குட்டிக் கோயில்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அங்கே வீசுகிற காற்றுக்கு டிக்கெட் கொடுத்தாலும் தகும்!

பங்குனியில் இங்கே முத்துமாரியம்மன் திருவிழா. சின்ன வயதில் மாமா தோளில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். நான் முதன்முதலில் துப்பாக்கி பிடித்தது அந்தத் திருவிழாவின் பலூன் கடையில்தான். பத்துக் குண்டு சுட்டு, ஒரே ஒரு பலூன். அதுவும் பக்கத்துப் பலூன்! துப்பாக்கிக் குறியை லேசாக வளைத்து வைத்திருப்பார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

குன்றிலிருந்து இறங்கி ஒரு டீக்கடையில் நின்றேன். பெட்டியை பெஞ்சில் வைத்தேன். அட்டையில் ஸ்கோப் மாட்டிய துப்பாக்கிப் படம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது.

"தம்பி... போலீஸா?"

"இல்லீங்கண்ணே. சொந்தக்காரப் பையனுக்கு வாங்கிட்டுப் போறேன்."

அவர் டீயை வைத்தார். வேறொன்றும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் குன்றுப் பக்கம் கையைக் காட்டினார். "இங்கன அந்தப் படத்தை வெளிய காட்டிக்கிட்டுத் திரியாதீக தம்பி. உள்ள வையிங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2021 டிசம்பர் 30. நார்த்தாமலை பசுமலைப்பட்டித் துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து தப்பி வந்த ஒரு குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தும், 2022 ஜனவரி 3-ம் தேதி போய்விட்டான். எல்லாப் பேப்பரிலும் வந்த செய்திதான். நானும் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியவன்தான். ராணுவ, போலீஸ் ரைஃபிள் குண்டு இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் போகும் என்று அப்போதே எழுதியிருந்தார்கள். ஆனால், அந்தக் குன்றுக்குக் கீழே அந்த பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. பெட்டியைச் சட்டையைச் சுற்றிப் பைக்குள் திணித்தேன். டீக்குக் காசு கொடுத்தபோது கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா வீட்டில் கோழிக் குழம்பு சொன்னபடியே இருந்தது. சாப்பிட்டுத் திண்ணையில் சாய்ந்ததும் மாமா ஆரம்பித்தார்.

"தொண்டமான் காலத்துல வேட்டைன்னா எங்க அப்பாவைத்தான் கூப்பிடுவாக தம்பி. காட்டைச் சுத்தித் தமுக்கு அடிச்சு முயலு, பன்னியெல்லாம் கலைச்சு விடுறது. சுடுறது அவுக. ஓடுறது நாங்க!"

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு சேர்ந்தது. கடைசி ராஜா ராஜகோபாலத் தொண்டைமான் இருந்த அரண்மனையில்தான், 1974-ல் மாவட்டம் பிறந்த பிறகு கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1972-ல், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து தமுக்கை நிறுத்திவிட்டது. அந்தச் சட்டத்தில் 'வேட்டை'க்கு என்ன அர்த்தம் எழுதியிருக்கிறார்கள் தெரியுமோ? கொல்வது மட்டுமல்ல, முயற்சி பண்ணினாலும் வேட்டை, பொறி வைத்தாலும் வேட்டை, விரட்டிப் பிடித்தாலும் வேட்டை, பறவை முட்டையை உடைத்தாலும் வேட்டை! லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுகிற வழியையும் 1991-ல் அடைத்துவிட்டார்கள். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை உள்ளே போகலாம்.

"கேட்டுக்கடா!" என்றார் மாமா மகனிடம். "எங்கிட்டயும்தான் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு. எதுக்கு? எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுக்குறதுக்கு. எலெக்‌ஷன் முடிஞ்சா வாங்கிட்டு வர்றதுக்கு. இருவது வருசமா அது போன தூரம் அவ்வளவுதான்!"

பையன் மசியவில்லை. "நம்ம தொண்டைமான் வீட்டுப் பிள்ளைதானப்பா ஒலிம்பிக்ஸ்ல சுட்டாரு?"

உண்மைதான். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் ட்ராப் போட்டியில் இந்தியாவுக்காகச் சுட்டார். (இவர்கள் குடும்பத்துக்கும் பாரீஸுக்கும் ஏதோ பந்தம். ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்துகொண்ட ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1928-ல் காலமானதும் பாரீஸில்தான்.) ஆனால், ட்ராப் போட்டியில் பறப்பது களிமண் தட்டு. அதோடு ஸ்கோப்பும் கிடையாது! குழல் முனையில் ஒரு சின்ன மணி, இரண்டு கண், அவ்வளவுதான். 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் பெருக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அனுமதியில்லை. ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பார்த்து, அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்க வேண்டும். இதை நான் எடுத்துச் சொன்னதும் பையன் என்னையும் 2,850 ரூபாய்ப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப எதுக்கு மச்சான் வாங்கிட்டு வந்தே?"

அதானே!

சாயங்காலம் பக்கத்திலேயே இருக்கிற சித்தன்னவாசலுக்குப் போனோம். குகைக்கோயில் கூரையில் அந்தத் தாமரைக் குளம். அன்னம், மீன், யானை, எருமை எல்லாம் ஒரே குளத்தில். எதுவும் எதையும் விரட்டவில்லை. பூப்பறிக்கிற ஆட்கள்கூட அவற்றுக்குத் தொந்தரவு இல்லாமல் நிற்கிறார்கள். கொல்லாமையைக் கட்டிக் காத்த சமணர்கள் வெட்டிய குகை வேறு எப்படி இருக்கும்? சாயம் நிறைய உதிர்ந்துவிட்டது. ஸ்கோப்பை மட்டும் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று பையன் சொன்னான். காவலாளி முறைத்த முறைப்பில் அது பையை விட்டு வெளியே வரவேயில்லை.

ஞாயிறு விடியற்காலை, கடலைக் காடு. வைக்கோல் போரில் காகிதம் குத்தி வைத்துச் சுட்டுப் பார்த்தோம். முதல் குண்டு நடுவில். அடுத்தது ஒரு சாண் தள்ளி. மூன்றாவது காகிதத்திலேயே இல்லை. இலவச மவுண்ட் பின்னால் நகர்ந்திருந்தது! ஹவில்தாரை மனசுக்குள் கும்பிட்டு, திருகாணியை இறுக்கினேன். கொஞ்சம் அடங்கியது.

அப்போதுதான் வரப்பு மேல் ஏறி நின்றது ஒரு மயில். தோகை முழுசாக வளர்ந்த ஆண்.

பையன் சட்டென்று குப்புறப் படுத்தான். "மச்சான்... பக்கத்துல சும்மா ஒண்ணு போடுறேன். மேல படாது!" அவன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"குடு, நான் ஒருதரம் பார்க்கிறேன்."

பெரிய மனசு பண்ணிக் கொடுத்தான். கண் வைத்தேன். ஒன்பது மடங்கு. வட்டம் முழுக்க நீலக் கழுத்து. அது திரும்பும்போது பச்சையாகி மறுபடி நீலமாவதுகூடத் தெரிந்தது. உலகத்தில் அந்த மயிலும் ப்ளஸ் குறியும் தவிர வேறு எதுவுமே இல்லை. ஹவில்தார் சொன்னது ஞாபகம் வந்து, வளையத்தை மெதுவாகத் திருகி மூன்றுக்குக் கொண்டுவந்தேன்.

மயில் சின்னதாகிவிட்டது. அதற்குப் பின்னால் வரப்பு வந்தது. வரப்புக்குப் பின்னால் வேலிக் கருவை. கருவைக்கு நடுவே, நாலு ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒரு கிழவி குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நேர் கோட்டில்!

ஏர் ரைஃபிள் குண்டும் முந்நூறு கஜம் போகும். கண்ணில் பட்டால் கண் போனதுதான். நான் ஒன்றும் பேசாமல் வளையத்தை மூன்றிலேயே வைத்து, துப்பாக்கியை அவனிடம் நீட்டினேன்.

பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"வெள்ளச்சி அப்பத்தா..." என்றான். குரல் பிசிறியது. குண்டை வெளியே எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். அதற்குள் மயில் நிதானமாக இறங்கி, மாமாவின் கடலையை ஒவ்வொன்றாகக் கிளறத் தொடங்கியிருந்தது. மாமா வீட்டிலிருந்து அத்தை தகரத் தட்டோடு ஓடி வந்து டமடமவென்று அடித்தபோதுதான் அது பறந்தது. பிறகு மூன்று பேருமாக, அத்தையின் பழைய சேலைகளைக் காட்டைச் சுற்றிக் கட்டினோம். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது.

போன வாரம் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"சேலைக்குப் பாதி மயிலு அடங்குது தம்பி, மீதிக்கு உன் அத்தை தட்டு இருக்கு. நீ வாங்கிட்டு வந்த சாமான்தான் பிரமாதம்! அதைக் கழட்டி நான் வச்சுக்கிட்டேன். திண்ணையில உக்காந்தபடியே மினி பஸ்சு வளைவு திரும்புறது தெரியுது. அப்புறம் கெளம்புனா போதும்!"

"சந்தோஷம் மாமா. அந்த 2,850..."

"அட, பஸ்சு வந்துருச்சுடா, வச்சுர்றேன்!"