பல் மாற்றுகிறவர்கள்

நெய்வேலிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த ராட்சதச் சக்கரத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்தில் ஊர்கிற லாரி தீப்பெட்டி அளவில் இருப்பதைக் கண்ட பிறகுதான் விஷயம் உறைத்தது. சக்கரத்தைச் சுற்றி வரிசையாகப் பக்கெட்டுகள். பெரிய இயந்திரத்தில் ஒரு பக்கெட்டின் கொள்ளளவே 1,400 லிட்டர். மண்ணைக் கடித்துக் கடித்து கன்வேயர் பெல்ட்டில் துப்பிக்கொண்டே இருக்கிறது.

"எல்லாரும் வீல போட்டோ புடிச்சிட்டுப் போயிடுறாங்க சார். பல்ல யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். பெயர் வேண்டாம் என்றார். இருபது வருடத்துக்கு மேலாக ஒப்பந்தத் தொழிலாளி, வேலை ஃபிட்டர். சிந்திய டீயில் விரலைத் தொட்டு மேசைமேல் ஒரு பக்கெட்டை வரைந்து, அதன் வாயில் பற்களை வைத்தார்.

இந்தச் சக்கரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அங்கே மண் மிருது. இங்கே நிலக்கரிக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்கல். ஆரம்ப வருடங்களில் பற்கள் கண்டபடி தேய்ந்தன. முதலில் வெடி வைத்து மண்ணைத் தளர்த்திவிட்டு அப்புறம் வெட்டுவது என்று இங்கேதான் வழி கண்டார்கள். அப்படியும் பல் தேயாமல் இல்லை. இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, சக்கரத்தின்மேல் ஏறி, தேய்ந்த பல்லைச் சம்மட்டியால் தட்டிக் கழற்றிப் புதியதை அடித்து இறுக்க வேண்டும். தட்டும்போது எழுகிற சத்தத்திலேயே பல் உட்கார்ந்துவிட்டதா, ஆடுகிறதா என்று சொல்லிவிடுவாராம். சித்திரையில் இரும்பைத் தொட முடியாது. ஐப்பசியில் களிமண் பக்கெட்டுக்குள் அப்பிக்கொள்ளும், கடப்பாரையால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். "மழை வந்தா மிஷினுக்கு லீவு. எங்களுக்கு ரெட்டை வேல."

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்த கதையை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1956-இல் சுரங்க நிறுவனம், 1957-இல் நேரு வந்து சுரங்கத் தொடக்கம், 1962-இல் மின்சாரம். நகரம் 'வட்டம்' என்கிற பிளாக்குகளாக வளர்ந்தது. அந்த வட்டங்களின் குவார்ட்டர்ஸ் நிரந்தரத் தொழிலாளிக்கு. ஒப்பந்தத் தொழிலாளிகள் பெரும்பாலும் மந்தாரக்குப்பத்திலும் சுற்றுக் கிராமங்களிலும்தான். 'பர்மனென்ட்' என்ற ஒரு சொல்லுக்காகவே இங்கே ஒரு தலைமுறை காத்திருந்து தலை நரைத்துவிட்டது.

இந்த ஊர் வேலைநிறுத்தத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. பழுப்பு நிலக்கரியை மலையாகக் குவித்துவைக்க முடியாது, தானே புகைந்து தீப்பிடிக்கும். அதனால் அனல்மின் நிலையம் அன்றாடம் சுரங்கத்தின் கையைத்தான் எதிர்பார்க்கிறது. ஆனால் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீரை இராப்பகலாக இறைத்தே ஆக வேண்டும். பம்பு நின்றால் சுரங்கத்தின் தரையே பொங்கிவிடும். சக்கரம் நிற்கலாம், பம்பு நிற்கக் கூடாது. இத்தனை பலம் கையில் இருந்தும் தொழிலாளர்கள் அதை அளந்துதான் செலவழிக்கிறார்கள் என்பதை வெளியூர்க்காரர்கள் பேசுவதே இல்லை.

2013 ஜூலையில் நிறுவனத்தின் பங்குகளை மத்திய அரசு விற்பதை எதிர்த்து வேலை நின்றது. கடைசியில் அந்தப் பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கின. என் கணக்கில் அது வெற்றிதான். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் நிலையில் அது ஒன்றையும் மாற்றவில்லை. 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக் காவலரின் குண்டுக்கு இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020 மே மாதமும் ஜூலை முதல் தேதியும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள். ஜூலையில் ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள், பிறகு ஆஸ்பத்திரியில் எண்ணிக்கை கூடியது. செத்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் அதிகம்.

2023-இல் வளையமாதேவியில், சுரங்கத்துக்காக எடுத்த நிலத்தில், நெற்பயிருக்குள் இயந்திரம் இறங்கிய காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அப்பாவும் நெலம் குடுத்தவருதான் சார். அந்த வீடியோவ நான் முழுசாப் பாக்கல." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மதிய ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார். காசு கொடுக்க விடவில்லை, "நீங்க விருந்தாளி சார்" என்றார். சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்தபோது ஒப்பந்ததாரர் கொடுத்த அடையாள அட்டையும் கூடவே வந்து மேசையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதில் வேலை என்ற இடத்தில் 'ஹெல்பர்' என்று போட்டிருந்தது.