மழைக்குக் காத்திருக்கும் மருள்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. வீரை, காசான், காட்டு எலுமிச்சை என்று கிளையோடு கிளை பின்னிய மரங்கள். கோடையிலும் பச்சை மாறாது. சாமிக்குரிய காடு என்பதால்தான் இந்த அளவாவது மிஞ்சியிருக்கிறது.

இந்தக் கடலோரத்துக் காடுகளில், மர நிழலில், கத்தி போல நிமிர்ந்த இலைகளோடு கூட்டங்கூட்டமாக வளர்வது மருள். சாம்பல் பூத்த பச்சை இலை, குறுக்கே கரும்பச்சைப் பட்டை. நர்சரிகளில் ‘ஸ்நேக் பிளான்ட்’ என்று தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அந்தச் செடியின் நெருங்கிய சொந்தம் இது. நர்சரிச் செடிக்குச் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. மருளுக்கு ஊர் நம் பக்கம்தான். முன்பு இதன் நாரில் கயிறும் வில் நாணும் திரித்தார்கள். சங்கப் பாடல்களில் வறண்ட நிலத்துச் செடியாக வரும் ‘மரல்’ இதுவே என்கிறார்கள் தாவரவியலார்.

இங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். தை பிறந்த பிறகு மழை அபூர்வம். பங்குனி, சித்திரையில் தரை காய்ந்து கிடக்கும்போதும் மருள் வாடுவதில்லை. இலைச் சதையிலும், மண்ணுக்குள் ஓடும் கிழங்கிலும் நீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. இலைத்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். அதனால் நீர் வீணாவது குறைவு. சரி, அடைமழையில் ஏன் அழுகுவதில்லை? மணற்பாங்கான செம்மண்ணில் தண்ணீர் நிற்பதில்லை.

அதே குடும்பத்துச் செடி வீட்டுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. துளசிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றும் கையோடு இதற்கும் தினம் ஒரு சொம்பு. சில வாரங்களில் இலையின் அடி மஞ்சளித்துக் கொழகொழவென்று ஆகி, இலை சாய்கிறது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். பெரும்பாலான செடிகள் சாவது அந்த இரண்டாவது சொம்பில்தான்.

தாகத்தில் இருக்கும் செடி வேறு மாதிரி இருக்கும். இலை நீளவாக்கில் சுருங்கும், நுனி காயும், ஆனால் அடி கெட்டியாக இருக்கும். அதை ஒருமுறை நன்றாக நனைத்தால் தேறிவிடும்.

ஒரு தென்னை ஈர்க்கைத் தொட்டியின் அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர் விட வேண்டும். விடும்போது கஞ்சத்தனம் கூடாது; அடித்துளையில் வழியும்வரை விட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். நடுக்குருத்தில் ஊற்றக் கூடாது. வாசல் வெளிச்சத்தில் இருக்கும் செடிக்குக் கோடையில் 10 நாளுக்கு ஒருமுறை, வீட்டுக்குள் இருப்பதற்கு 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய சரியாக இருக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறைகூடப் போதும். நாள் கணக்கும் ஈர்க்கும் முரண்பட்டால் ஈர்க்கையே நம்பலாம்.

தொட்டிக்கு மண் தொட்டி நல்லது. தோட்டத்து மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம பங்கு. அடியில் கொஞ்சம் செங்கல் துண்டு.

அழுகத் தொடங்கிய செடியை உடனே தூக்கி எறிய வேண்டாம். பிடுங்கி, கறுத்துக் குழைந்த வேரையும் கிழங்கையும் வெட்டிவிட்டு, நிழலில் 2 நாள் காயவைத்துப் புது மண்ணில் நட்டால் பலவும் பிழைக்கின்றன. மஞ்சள் ஓரம் உள்ள ரகத்தை இலைத்துண்டு வைத்துப் பெருக்கினால் ஓரம் போய்விடும். கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று இதைக் கூடுதல் விலைக்கு விற்பதும் நடக்கிறது. 1989-இல் வெளியான நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. கதவு, சன்னல் திறந்து கிடக்கும் வீட்டில் ஒரு தொட்டியால் பெரிதாக எதுவும் ஆகாது. அழகுக்காக வாங்கலாம், அது வேறு. ஆனால் குழந்தைகளும் நாயும் இலையைக் கடிக்காத இடத்தில் வையுங்கள், வாந்தி வரும்.

சொந்த வேலியோரத்தில் மருள் இருப்பவர்களுக்கு அந்தச் செலவும் இல்லை. முளையுள்ள கிழங்குத் துண்டு ஒன்றைத் தொட்டியில் வைத்தாலே போதும். கோயில் காட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம். நட்ட முதல் வாரம் தண்ணீர் தேவையில்லை.