போன் உங்களுது... சாவி யாருது?

"இந்த போன் யாரோடது?" என்று கேட்டால் முறைப்பீர்கள். "அப்பாகிட்ட ஆறு மாசம் கெஞ்சி வாங்கினது பாஸ்... இதுல என்ன டவுட்டு?" சரி, ரெண்டாவது கேள்வி. வாங்கும்போதே உள்ளே உட்கார்ந்திருந்த ஷாப்பிங் ஆப், கேம் ஆப், வீடியோ ஆப்... அத்தனையையும் உங்களால் தூக்கிப்போட முடியுமா? பல போன்களில் சில ஆப்களுக்கு 'அன்இன்ஸ்டால்' பட்டனே கிடையாது. 'டிஸேபிள்' மட்டும்தான். வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்க ஹவுஸ் ஓனரிடம் பர்மிஷன் கேட்போமே, அந்தக் கதைதான்!

இன்ஜினீயரிங் மூணாம் வருஷம் படிக்கிற எனக்கு இந்தக் கேள்வி லேப்பில் வரவில்லை. ஹாஸ்டலில் வந்தது.

போன வருஷம் பக்கத்து ரூம் நண்பன் ஒருத்தன், அவசரச் செலவுக்காக 'அஞ்சே நிமிஷத்தில் லோன்' என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு லிங்க்கைத் தட்டினான். ஆப் இறங்கியது. கான்டாக்ட்ஸ், போட்டோ, எஸ்.எம்.எஸ்... கேட்ட எல்லாவற்றுக்கும் 'அலவ்' கொடுத்தால்தான் உள்ளேயே விடும். கொடுத்தான். கேட்டது நாலாயிரம், கைக்கு வந்தது அதைவிடக் கம்மி. பத்தாவது நாள் போன் அடிக்க ஆரம்பித்தது. அவனுக்கு மட்டுமில்லை, எனக்கும்! எங்கள் கிளாஸ் பெண்களுக்கு, அவன் ஊர் பெரியப்பாவுக்கு, பத்தாம் வகுப்பு வாத்தியாருக்கு... வரிசையாக. 'உங்க ஃப்ரெண்ட் ஒரு ஃப்ராடு' என்று பாதி இந்தியில், மீதி உடைந்த தமிழில் திட்டு. நண்பன் ஒரு வாரம் மெஸ் பக்கமே வரவில்லை. ராத்திரியில் அவனைத் தனியாக விடாமல் நாங்கள் முறைபோட்டு அவன் ரூமில் படுத்தோம். கடைசியில் 1930 சைபர் க்ரைம் நம்பருக்கு அடித்து, புகார் பதிவான பிறகுதான் அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. 'அலவ்' கொடுத்தது அவன். போனது என் நம்பர்! என்னிடம் யாரும் பர்மிஷன் கேட்கவில்லை. 'எனக்கு மறைக்க என்ன மச்சி இருக்கு?' என்று ஈஸியாகச் சொல்லிவிடுகிறோம். நம் போனில் இருப்பது நம் ரகசியம் மட்டுமா? அம்மா நம்பர், தோழியின் போட்டோ, ரூம்மேட் அனுப்பிய மெடிக்கல் ரிப்போர்ட்... எல்லாரும் அதற்குள்தான் குடியிருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமலும் இல்லை. கடன் ஆப்கள் கான்டாக்ட் லிஸ்ட், கால் லிஸ்ட், போட்டோ, ஃபைல் பக்கம் போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. கூகுளும் 2023 மே மாதத்திலிருந்து தன் பிளே ஸ்டோரில் கடன் ஆப்களுக்கு இதே தடையைப் போட்டது. ஆனால் நண்பனுக்கு வந்தது ஸ்டோரைத் தாண்டி, சந்து வழியாக!

அந்த வாரம்தான் நான் ஓப்பன் சோர்ஸ் போன்கள் பக்கம் தேட ஆரம்பித்தேன்.

விலையில்லா மிக்ஸி இல்லை!

ஓப்பன் சோர்ஸ் என்றால் சிம்பிள். உங்கள் பைக்கை எந்த மெக்கானிக்கிடமும் விடலாம். அவர் இன்ஜினைத் திறந்து பார்க்கலாம், பழுது பார்க்கலாம், உங்கள் டேஸ்ட்டுக்கு மாற்றலாம். சாஃப்ட்வேருக்கும் அந்த உரிமை வேண்டும், அதன் சோர்ஸ் கோடு எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் மேட்டர். ரிச்சர்ட் ஸ்டால்மேன் 1983-ல் இதற்காகக் கொடி பிடித்தபோது 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்று பெயர் வைத்தார். 'ஃப்ரீ' என்றதும் இலவசம் என்று புரிந்துகொண்டவர்களுக்கு இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. 'விலையில்லா' மிக்ஸி வேறு, 'கட்டற்ற' மென்பொருள் வேறு. தமிழ் ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தை வைத்திருக்கிறது!

'ஆண்ட்ராய்டே ஓப்பன் சோர்ஸ்தானே?' என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் பார்ட்டிகள் கை தூக்குவது தெரிகிறது. கரெக்ட், ஆனால் பாதிதான். 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்ததிலிருந்து அதன் அடித்தளம் திறந்துதான் இருக்கிறது. ஆனால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பிளே ஸ்டோர், மேப்ஸ், பின்னாலிருந்து நோட்டிஃபிகேஷன் முதல் லொகேஷன் வரை கவனித்துக்கொள்ளும் பிளே சர்வீசஸ்... இதெல்லாம் மூடிய பெட்டி. இந்தப் பெட்டியை வைத்து போன் கம்பெனிகளை வளைத்ததற்காகத்தான் நம் நாட்டின் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, திறந்த பகுதியை மட்டும் வைத்து வாழ்கிறவர்கள் உலகம் பூரா இருக்கிறார்கள். லீனியேஜ் ஓஎஸ், கிராஃபீன் ஓஎஸ், ஈ ஓஎஸ் என்று பல வகை. ஆப்களுக்கு எஃப்-டிராய்டு என்று 2010-லிருந்தே ஒரு ஸ்டோர் இருக்கிறது. அங்கே அத்தனையும் ஓப்பன் சோர்ஸ்.

168 மணி நேரம் வெயிட்டிங்!

என்னிடம் ஒரு பழைய போன் இருந்தது. கம்பெனி அப்டேட்டை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அதில் லீனியேஜ் போடலாம் என்று இறங்கினேன். முதல் தடை, பூட்லோடர். போன் ஆன் ஆனதும் முதலில் எழுந்து, எந்த சிஸ்டத்தை உள்ளே விடலாம் என்று முடிவு செய்கிற வாட்ச்மேன் அவர். அவரை நகர்த்த கம்பெனியிடம் விண்ணப்பம் போட வேண்டும். 'வெயிட் பண்ணுங்க, 168 மணி நேரம்' என்று பதில். ஏழு நாள்! என் போனைத் திறக்க எனக்கே!

எட்டாம் நாள் திறந்தது. (உள்ளே இருந்த எல்லாம் அழிந்துவிடும் மக்களே, பேக்கப் முக்கியம்.) ராத்திரி பதினோரு மணிக்கு லீனியேஜ் லோகோ சுற்றியபோது ரூமில் விசில் பறந்தது. கம்பெனி கைவிட்ட போனுக்கு, முகம் தெரியாத யாரோ எழுதிய புது ஆண்ட்ராய்டு! கூகுள் அக்கவுன்ட் கேட்கவில்லை, விளம்பரம் இல்லை. போன் அமைதியாக இருந்தது. ரொம்பவே அமைதியாக...

மறுநாள் காலையில் பில் வந்தது. பேங்க் ஆப், 'உங்கள் சாதனம் பாதுகாப்பற்றது' என்று கதவை இழுத்துச் சாத்தியது. ஜன்னலாக பிரவுசரில் நெட் பேங்கிங் மட்டும் மிச்சம். மேப்புக்கு ஆர்கானிக் மேப்ஸ் போட்டேன். நெட் இல்லாமலே வேலை செய்கிறது, சூப்பர். ஆனால் டிராஃபிக் ஜாம் காட்டாது, எங்கள் பின்கேட் டீக்கடையும் அதில் இல்லை. அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நானே சேர்த்தேன். அடுத்த மேப் அப்டேட்டில் கடை வந்துவிட்டது! மாஸ்டரிடம் காட்டினேன். "இதுல நம்ம கடை இருந்தா என்ன தம்பி கெடைக்கும்?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் ஒரு டீ சொன்னேன்.

மெஸ் பில் கட்ட ரூம்மேட்டின் ஜிபேதான் கதி. "பிரைவசி உனக்கு, ஓடிபி எனக்கா?" என்று கலாய்த்தான். அவன் சொன்னது காமெடி இல்லை. என் சுதந்திரத்தின் செலவில் பாதியை அவன் கட்டிக்கொண்டிருந்தான்.

அப்பா சொன்ன கணக்கு

எங்கள் அப்பாவுக்கு விருதுநகரில் ஒரு பெட்டிக்கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் க்யூ.ஆர். அட்டை, அதோடு 'பெறப்பட்டது' என்று சத்தம் போடும் பாக்ஸ். லீவில் போனபோது என் போனின் பெருமையை எல்லாம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன் போன்ல நீ என்ன வேணா பண்ணு. என் போன்ல மட்டும் கைய வச்சிராத. சாயங்காலம் பால்காரருக்கு அதுலதான் அனுப்பணும்."

2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யு.பி.ஐ.யில் நடந்த பரிமாற்றம் 2,000 கோடி. அதில் சில ஆயிரம் எங்கப்பா கடையில் விற்ற முறுக்கும் வாழைப்பழமும். நமக்கு வசதி என்பது சோபாவில் படுத்துக்கொண்டு பீட்சா ஆர்டர் செய்வது. அவருக்கு வசதி என்பது பிழைப்பு. அவரிடம் போய் 'வசதியை விடுங்கள், சுதந்திரம் வாங்குங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஸ்மார்ட்போனே வேண்டாம் என்று *99# அடித்துப் பணம் அனுப்பலாம். பட்டன் போன்காரர்களுக்காக 2022-ல் யு.பி.ஐ. 123பே வந்தது. ரெண்டு போன் வைத்துக்கொள்ளலாம், ஒன்று பேங்க்குக்கு, ஒன்று நமக்கு. ஆனால் ரெண்டு போன் வாங்க முடிந்தவனுக்குத்தான் பிரைவசி என்றால், அதற்குப் பெயர் உரிமையா, சலுகையா? 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். பர்ஸ் கனத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லவில்லை.

பூட்டு தப்பா?

எதிர்க்கட்சிக்கும் மைக் கொடுப்போம். பேங்க் ஏன் கதவைச் சாத்துகிறது? சிஸ்டத்தை மாற்றிய போனில் ஒரு திருட்டு ஆப் ஓடிபியைப் படித்துவிடலாம் என்கிற பயம். நியாயம்தான். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் ஃபைன் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆப் ஃபைலைத் தொட்டுப் பணத்தை இழந்தவர்கள் எத்தனை பேர்! என் நண்பனுக்கு வந்த லோன் ஆப்பும் ஸ்டோருக்கு வெளியே இருந்துதான் வந்தது. எஃப்-டிராய்டு வரும் அதே வாசல்! 2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு அறிவிப்பு விட்டது. வெளியிலிருந்து வரும் ஆப்பாக இருந்தாலும், எழுதியவர் தன் அடையாளத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும், 2026-ல் சில நாடுகளில் தொடங்கும் என்று. 'எங்கள் கதையே முடிந்துவிடும்' என்று எஃப்-டிராய்டு எதிர்த்தது. நவம்பரில், விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி வழி வைப்போம் என்று கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது.

பூட்டு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சாவி ஒருத்தரிடம் மட்டும் இருப்பதுதான் இடிக்கிறது. பல ஆப்கள் செய்யும் பரிசோதனை, 'இந்த போன் பத்திரமா?' என்பதைவிட, 'கூகுள் சான்றிதழ் இருக்கா?' என்பதுதான். அதனால் பூட்லோடரைத் திரும்பப் பூட்டி, பாதுகாப்பு அப்டேட் சுடச்சுடப் போட்ட கிராஃபீன் ஓஎஸ் போன் ஃபெயில் ஆகிறது. அப்டேட்டே பார்க்காத பழைய போன் பல இடங்களில் பாஸ்! (இந்த கிராஃபீன் பல வருஷமாக ஓடியது கூகுளின் பிக்ஸல் போன்களில் மட்டும்தான். கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுள் கடையில் போன் வாங்கிய கூத்து தனி!)

சாவி அரசாங்கத்திடம் போனாலும் இதே பிரச்னைதான். 2025 நவம்பர் கடைசியில், 'சஞ்சார் சாத்தி' ஆப்பை எல்லாப் புது போன்களிலும் போட்டே விற்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. தொலைந்த போனைப் பிளாக் செய்ய உதவும் நல்ல ஆப்தான். ஆனால் கட்டாயம் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 3-ம் தேதி கட்டாயத்தை வாபஸ் வாங்கினார்கள்.

'இதெல்லாம் நாலு கம்ப்யூட்டர் கிறுக்கர்களின் பிரச்னை' என்று தோன்றினால் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 2013-ல் லீனியேஜின் அண்ணன் சயனோஜென்மாடில் 'பிரைவசி கார்டு' என்று ஒன்று வந்தது. ஒரு ஆப் கான்டாக்ட்ஸ் கேட்டால், 'இந்தா' என்று காலி லிஸ்ட்டை நீட்டும்! அப்போது சாதா ஆண்ட்ராய்டில், இன்ஸ்டால் செய்யும்போதே மொத்தமாகத் தலையாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆப்பே கிடையாது. 'இதற்கு ஓகே, அதற்கு நோ' என்று ஒவ்வொன்றாகச் சொல்லும் வசதி 2015-ல் ஆண்ட்ராய்டு 6-ல்தான் எல்லாருக்கும் வந்தது. காலி லிஸ்ட் நீட்டும் வித்தை இன்று கிராஃபீனில் 'கான்டாக்ட் ஸ்கோப்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. என் நண்பன் போனில் அது இருந்திருந்தால், அந்த லோன்காரனுக்கு மிரட்ட கான்டாக்ட் லிஸ்ட்டிலிருந்து ஒரு நம்பர்கூடக் கிடைத்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன்... எல்லாரும் லீனியேஜ் போட வேண்டாம். எங்கப்பா போடவே வேண்டாம். ஆனால் போட நினைப்பவனுக்கு வழி திறந்திருக்க வேண்டும். அவன் அங்கே போராடிக் கண்டுபிடிப்பது, கொஞ்ச வருஷத்தில் அப்பா போனுக்கும் வந்து சேரும். அந்த வழியை அடைத்துவிட்டால், கம்பெனி கொடுப்பதுதான் பிரைவசி, அது வைப்பதுதான் விலை.

இப்போது என் கணக்கு இது. பழைய போனில் லீனியேஜ் அப்படியே இருக்கிறது, படிக்க, பாட்டு கேட்க, மேப் பார்க்க. அப்பா கொடுத்த இன்னொரு பழைய போனில் பேங்க் ஆப்பும் யு.பி.ஐ.யும், வேறு எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பை விட முடியவில்லை, கிளாஸ் குரூப்பே அங்கேதான் இருக்கிறது. ரூம்மேட்டுக்கு ஓடிபி தொல்லை விட்டது.

உங்களுக்கு இன்று ராத்திரி பத்து நிமிஷ வேலைதான். செட்டிங்ஸில் பர்மிஷன் மேனேஜரைத் திறங்கள். 'கான்டாக்ட்ஸ்' என்ற இடத்தில் எத்தனை ஆப் வரிசையில் நிற்கிறது என்று எண்ணுங்கள். டார்ச் லைட் ஆப்புக்கும் கேம் ஆப்புக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்டு, வெளியே அனுப்புங்கள்.

ப்ளீஸ்... அந்த லிஸ்ட்டில் என் நம்பரும் இருக்கலாம்!